இங்கிலாந்துக் கிராமப் பாரிஷின் பழைய மனிதர்களைத் தேடிப் பிடிப்பது எப்படி?

இங்கிலாந்தில் ஒரு கிராமப் பாரிஷின், அதாவது ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் ஊர்ப்பகுதியின், வரலாற்றை எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் 1086 டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கெடுப்பில் ஆரம்பித்து, பண்ணை எந்தப் பிரபுவிடமிருந்து எந்தப் பிரபுவுக்குப் போனது, தேவாலயக் கோபுரத்தைக் கட்டியது யார் என்று எழுதிக்கொண்டே போவார்கள். அதெல்லாம் பல ஊர்களுக்கு ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. பிரபுக்களைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு ஏழைகளின் காகிதங்களை முதலில் தேடுங்கள், ஊர் அங்கேதான் இருக்கிறது.

அதற்கு முன் எல்லை தெரிய வேண்டும். இன்றைய நிர்வாகப் பாரிஷும் பழைய திருச்சபைப் பாரிஷும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குக் கொடுப்பது பற்றிய 1836-ஆம் ஆண்டு தசமபாகச் சட்டத்துக்குப் பிறகு வரைந்த வரைபடம் உங்கள் ஊருக்கு இருந்தால் அதிர்ஷ்டம்தான்: ஒவ்வொரு வயலுக்கும் எண், கூடவே ஒரு பட்டியலில் அதன் பெயர், உடைமையாளர், பயிரிடுபவர், பரப்பு, உழுநிலமா மேய்ச்சல் நிலமா என்பது வரை இருக்கும்.

அப்புறம் பதிவேடுகள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்கும்படி 1538-இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் உத்தரவு போட்டார், ஆனால் அந்த ஆண்டிலிருந்தே தப்பிப் பிழைத்த ஏடுகள் குறைவு. 1640-களின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் பல ஊர்களில் பக்கங்களே இருக்காது. சில ஆண்டுகள் விடுபட்டிருந்தால் பிஷப்புக்கு ஆண்டுதோறும் அனுப்பிய நகல்களைக் கேட்டுப் பாருங்கள்.

தேதியில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். 1752-க்கு முன் அங்கே புத்தாண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. டெர்பிஷையரின் ஈம் (Eyam) கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1665 செப்டம்பரில் அங்கே பிளேக் நுழைந்தது, லண்டனிலிருந்து வந்த துணிப் பொதியோடு என்று சொல்வார்கள். மதகுரு வில்லியம் மாம்பெஸனின் பேச்சைக் கேட்டு ஊரே தன்னைத் தனிமைப்படுத்திக்கொண்டது. அந்தக் காலக் கணக்குப்படி '1665 ஜனவரி' என்று எழுதிய சாவு செப்டம்பருக்குப் பின்னால் வருவது, அதாவது நமக்கு 1666. இது தெரியாமல் வரிசைப்படுத்தினால் நோய் வருவதற்கு முன்பே ஆட்கள் அதில் செத்திருப்பார்கள்!

சரி, ஏழைகளுக்கு வருவோம். 1601 சட்டப்படி ஒவ்வொரு பாரிஷும் தன் ஏழைகளைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு வரி வசூலித்துச் செலவு செய்யும் மேற்பார்வையாளர்கள் கணக்கும் எழுதினார்கள். யாருக்குச் செருப்பு, யார் வீட்டுக்கு விறகு, யாருடைய சவப்பெட்டிக்கு எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். 1662-இல் இன்னொரு சட்டம் வந்தது. ஆண்டுக்குப் பத்து பவுண்டுக்குக் குறைவான வாடகையில் குடியேறியவரை, நாளைக்குப் பாரமாகிவிடுவார் என்று தோன்றினாலே சொந்தப் பாரிஷுக்குத் திருப்பி அனுப்பலாம். அப்படி அனுப்பும்முன் நீதிபதிகள் இருவர் அவரைச் சத்தியம் செய்யவைத்து விசாரிப்பார்கள்: எங்கே பிறந்தாய், யாரிடம் வேலை செய்தாய், என்ன சம்பளம், எப்போது கல்யாணம், பிள்ளைகளுக்கு என்ன வயது? கையெழுத்துக்கூடப் போடத் தெரியாத ஒரு கூலிக்காரரின் வாழ்க்கை வரலாறு ஒரே தாளில் கிடைத்துவிடும். இதைவிட நல்ல ஆவணம் எனக்குத் தெரிந்து இல்லை.

படிக்கும்போது உள்குத்தையும் கவனியுங்கள். மணமாகாதவர் முழு ஆண்டு வேலை செய்தால் அந்த ஊரிலேயே ஏழை உதவி கேட்கும் உரிமை வந்துவிடும் என்பதால், சில நாள் குறைத்தே ஆள் எடுத்த பண்ணைக்காரர்கள் உண்டு. மணமாகாத தாய்க்குப் பிறந்த குழந்தை பிறந்த இடத்துக்கே சொந்தம் என்று விதி இருந்த காலத்தில், கர்ப்பிணிகளை அவசரமாக எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். கணக்கேட்டில் இது வெறும் வண்டிச் செலவாகத்தான் தெரியும்.

மக்கள்தொகைக் கணக்கு 1801-லேயே தொடங்கினாலும் நாடு முழுக்கப் பெயர்கள் கிடைப்பது 1841-லிருந்துதான். அதிலும் 15 வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் கீழிறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள், 39 வயதுக்காரர் 35 ஆகியிருப்பார். 1851 கணக்கில் ஒவ்வொருவரும் எந்தப் பாரிஷில் பிறந்தார் என்பதும் உண்டு, அதை வைத்து யார் எங்கிருந்து வந்தார் என்று கோடு போட்டுப் பார்க்கலாம்.

இவற்றில் பெரும்பகுதி அந்தந்தக் கவுண்டியின் (நம் மாவட்டம் போல) ஆவணக் காப்பகத்தில் இருக்கும். முன்பதிவு செய்துகொண்டு போங்கள், பேனாவை உள்ளே விட மாட்டார்கள், பென்சில்தான். பழைய கையெழுத்து மிரட்டும், அதனால் 1800-களில் ஆரம்பித்துப் பின்னோக்கிப் போங்கள். அதே குடும்பப் பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதால் 1600-களை எட்டும்போது கண் பழகியிருக்கும். 1733-க்கு முந்தைய பண்ணை நீதிமன்றச் சுருள்கள் (பிரபுவின் பண்ணையில் நடந்த நீதிமன்றத்தின் பதிவுகள்) பெரும்பாலும் லத்தீனில் இருக்கும், அவற்றைப் பிரபுக்களோடு சேர்த்துக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.