அக்கூஸ்டிக் கிட்டாரை மேடையில மாட்டும்போது எந்த பிக்கப், எந்த ப்ரீஆம்ப்?

ரூம்ல வாசிச்சா அவ்ளோ நல்லா இருக்குற கிட்டார், மேடையில கேபிள் சொருகுன உடனே தகர டப்பாவ தட்டுற மாதிரி கேக்குதா? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, பிக்கப்தான் (ஸ்ட்ரிங்கோட அதிர்வ மின்சார சிக்னலா மாத்துற கருவி) மட்டம்னு நினைச்சு ரெண்டு பிக்கப் மாத்துனேன், மூணாவது வாங்கப் போறப்பதான் தெரிஞ்சுது தப்பு பிக்கப்ல இல்ல, நான் அத நேரா மிக்சரோட லைன் இன்புட்ல சொருகிட்டு இருந்தேன்னு. அதனால மொதல்ல கையில இருக்குறத ஒழுங்கா ஒரு ப்ரீஆம்ப்ல, அதாவது பிக்கப்போட சிக்னல மிக்சருக்கு ஏத்த மாதிரி ஆக்குற பெட்டியில, மாட்டிக் கேளுங்க, அப்புறம் புதுசு வாங்குறத பத்தி யோசிக்கலாம்.

ஏன்னா பியெசோ பிக்கப், அதாவது அழுத்தத்தயும் அதிர்வயும் மின்சாரமா மாத்துற வகை, கிட்டத்தட்ட ஒரு குட்டி கெப்பாசிட்டர். அது 1 நானோஃபாரட்னு வச்சுக்கிட்டா, 10 மெகாஓம் இம்பீடன்ஸ் (சிக்னலுக்கு இன்புட் காட்டுற எதிர்ப்பு) உள்ள இன்புட்ல சொருகுனா சுமார் 16 ஹெர்ட்ஸ் வரைக்கும் பேஸ் அப்படியே வரும். அதையே 1 மெகாஓம்ல சொருகுனா 160 ஹெர்ட்ஸ் கிட்டயே குறைய ஆரம்பிச்சிடும், ஆனா தடிச்ச ஈ ஸ்ட்ரிங் 82 ஹெர்ட்ஸ்ல இருக்கு, அப்ப பேஸ் எங்க இருந்து வரும்? லைன் இன்புட் வெறும் 10 கிலோஓம்தான், அதுல 16,000 ஹெர்ட்ஸுக்கு கீழ எல்லாமே சரிவுதான், மிச்சம் வர்றதுதான் அந்த தகர சவுண்டு. சாதாரண பாசிவ் டிஐ பாக்ஸும் (கிட்டார் சிக்னல மிக்சரோட மைக் இன்புட்டுக்கு ஏத்த மாதிரி மாத்துற, கரண்டே வேணாத பெட்டி) இதுக்கு உதவாது, அதோட இம்பீடன்ஸும் கம்மிதான். கிட்டாருக்குள்ளயே பேட்டரியோட ப்ரீஆம்ப் இருந்தா இந்தத் தலைவலி இல்ல, அதுக்கு பாசிவ் டிஐயே போதும்.

சரி, பிக்கப்புக்கு வருவோம். கடையில தனியா வாசிச்சுப் பாத்து வாங்காதீங்க, மேடையில உங்க பின்னாடி எவ்ளோ சத்தம் இருக்கப் போகுதுன்னு யோசிச்சு வாங்குங்க. எவ்ளோ இயற்கையா கேக்குதோ அவ்ளோ சீக்கிரம் ஸ்பீக்கர் சத்தம் பிக்கப்புக்கே திரும்பி வந்து ஊளையிடும், பெரும்பாலும் இதுதான் கணக்கு.

ட்ரம்ஸ், பேஸ் எல்லாம் இருக்குற பேண்டா? சேடிலுக்கு (ப்ரிட்ஜ் மேல ஸ்ட்ரிங் உக்காருற சின்னப் பட்டை) அடியில போற பியெசோ, இல்லன்னா சவுண்ட்ஹோல்ல மாட்டுற மேக்னடிக். பியெசோல பலமா அடிச்சா ஒரு 'க்வாக்' சத்தம் வரும், 1ல இருந்து 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறைச்சா அடங்கும். மேக்னடிக் கனமா, கொஞ்சம் எலக்ட்ரிக் கிட்டார் வாடையோட இருக்கும். அதுக்கு ஸ்டீல் மட்டும்தான் தெரியும், வெளிய சுத்தியிருக்குற வெண்கலம் கணக்குலயே வராது, உள்ள இருக்குற மெல்லிசான கம்பியத்தான் புடிக்கும், அதனால சுத்து இல்லாத ஈ, பி ஸ்ட்ரிங் ரெண்டும் தூக்கலா கேட்டா அந்த ஸ்ட்ரிங்குகளுக்கு நேர் கீழ பிக்கப்ல இருக்குற போல் பீஸ் ஸ்க்ரூவ கொஞ்சம் எறக்குங்க. நைலான் ஸ்ட்ரிங்க்கு மேக்னடிக் வேலைக்கே ஆகாது.

தனியாவோ, பாடுறவர் ஒருத்தர் கூடவோ வாசிக்கிறவங்களுக்கு என் ஓட்டு ப்ரிட்ஜுக்கு உள்பக்கம் ஒட்டுற டிஸ்க் வகைக்கு. கே அண்ட் கே ப்யூர் மினில அப்படி மூணு டிஸ்க் இருக்கு, பேட்டரி வேணாம், இதோட கெப்பாசிட்டர் அளவு பெருசுங்கிறதால 1 மெகாஓம் இன்புட்டே போதும், பாடியில தட்டுறது கூட அழகா வரும். ஆனா சத்தம் ஏறுனா லோ மிட்ல (பேஸுக்கு கொஞ்சம் மேல) கும்முனு ஆயிடும். ரெண்டும் வேணும்னா எல்ஆர் பேக்ஸ் ஆந்தம் மாதிரி பியெசோவும் குட்டி மைக்கும் சேந்தது இருக்கு, மைக்க எவ்ளோ ஏத்துறதுங்கிறது உங்க தைரியம்.

சேடிலுக்கு அடியில மாட்டுறப்ப ஒரு ஸ்ட்ரிங் மட்டும் சன்னமா கேட்டா பிக்கப் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல. சேடிலோட அடிப்பாகம் சமமா இல்ல, ஒரு முடி அளவு இடைவெளி போதும் அந்த ஸ்ட்ரிங் அமுங்கிடும். கண்ணாடி மேல உப்புத்தாள ஒட்டி, சேடில நேரா நிறுத்தி, ஒரே பக்கமா மெதுவா தேய்ங்க. தேய்க்கிறதுக்கு முன்னாடி அடியில பென்சில்ல கோடு போட்டுக்கோங்க, கோடு முழுசும் ஒரே மாதிரி அழிஞ்சா சமம் ஆயிடுச்சு. சேடில் ஸ்லாட்டுல ஆடவும் கூடாது, இறுகவும் கூடாது, விரலால இழுத்தா வரணும்.

ப்ரீஆம்ப்ல நான் பாக்குறது அதிக இன்புட் இம்பீடன்ஸ், நாட்ச் ஃபில்டர் (ஊளையிடுற அதிர்வெண்ண மட்டும் வெட்டுறது), ஃபேஸ் சுவிட்ச் (சிக்னலோட அலைய தலைகீழா திருப்புறது), மிக்சருக்கு நேரா போற எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிள் சொருகுற மூணு முள் சாக்கெட்) அவுட். எல்ஆர் பேக்ஸ் பாரா டிஐல இது எல்லாமே இருக்கு, இன்புட் 10 மெகாஓம், 9 வோல்ட் பேட்டரிலயும் ஓடும், மிக்சர்ல இருந்து அதே கேபிள் வழியா வர்ற 48 வோல்ட் ஃபேண்டம் கரண்டுலயும் ஓடும். ஈக்யூ (பேஸ், ட்ரெபிள கூட்டிக் குறைக்கிறது) எல்லாம் வேணாம், டிஐ மட்டும் போதும்னா ரேடியல் பிஇசட்-டிஐ பாருங்க, அதுல இம்பீடன்ஸ மாத்திக்கலாம். ரிவர்ப் கோரஸ்னு பத்து எஃபெக்ட் உள்ள பெட்டிய பாத்து மயங்காதீங்க, நாட்ச் இல்லன்னா மேடையில அது அலங்காரம்தான்.

சவுண்ட்செக்ல மொதல்ல நீங்க அடிக்கிறதுலயே பலமான அடிய அடிச்சு, சிவப்பு லைட் எரியாத அளவுக்கு கெயின் வைங்க. ஈக்யூ எல்லாம் நடுவுல இருக்கட்டும். ஃபேஸ் சுவிட்ச ரெண்டு பக்கமும் போட்டு ஊளை எதுல கம்மியோ அதுல விடுங்க. அப்புறம் ஊளையிட ஆரம்பிக்கிற வரைக்கும் மெதுவா வால்யூம ஏத்தி, நாட்ச் குமிழ திருகிக்கிட்டே வந்தா ஒரு இடத்துல சட்டுனு அடங்கும், பெரும்பாலும் 100ல இருந்து 250 ஹெர்ட்ஸுக்குள்ள. அப்பவும் அடங்கலன்னா சவுண்ட்ஹோல்ல ரப்பர் மூடி போடுங்க. ப்ரீஆம்ப் வரைக்கும் கேபிள் 3 மீட்டருக்குள்ள இருக்கட்டும், அதுக்கப்புறம் எக்ஸ்எல்ஆர்ல எவ்ளோ தூரம் வேணா போங்க.

பேட்டரி உள்ள கிட்டார்ல கேபிள சொருகுனாலே ப்ரீஆம்ப் ஆன் ஆயிடும், வாசிக்கலன்னாலும் பேட்டரி கரையும், அதனால இடைவேளையில கேபிள கழட்டி வைங்க. ரெண்டாவது பாட்டுல சவுண்டு கரகரன்னு ஒடஞ்சு வந்தா ஈக்யூவ திருகிக்கிட்டு நிக்காதீங்க, பேட்டரிய மாத்துங்க.