நைஜர் ஆற்றுப் பயணக் குறிப்புகளை வாசிப்பது எப்படி?

காலனிய அதிகாரி ஒருவரின் ஆற்றுப் பயணக் குறிப்பைக் கையில் எடுக்கும்போது, அவர் பட்ட பாடு உண்மைதானா என்று ஆராய்வதைவிட, அந்தப் பாட்டுக்கு அவர் கூறும் காரணம் சரிதானா என்று கேட்பதே வாசகருக்குப் பயன் தரும். இதைப் பழகுவதற்கு, மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் ஆற்றில் 1841-ஆம் ஆண்டு நடந்த பயணம் ஏற்றது. அடிமை வாணிகத்தை ஒழிக்க உள்நாட்டு மன்னர்களோடு உடன்படிக்கை செய்துகொள்ளும் நோக்கில், கேப்டன் டிராட்டரின் தலைமையில் ஆல்பர்ட், வில்பர்ஃபோர்ஸ், சூடான் என்னும் மூன்று இரும்பு நீராவிக் கப்பல்களைப் பிரிட்டிஷ் அரசு அனுப்பியது.

முதலில், தேதிகளைத் தனித்தாளில் வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் நடுப்பகுதியில் கப்பல்கள் கழிமுகத்தை அடைந்தன. செப்டம்பர் முதல் வாரத்தில் காய்ச்சல் தொடங்கியது. கொசு கடித்தபின் மலேரியா வெளிப்படச் சில வாரங்கள்கூட ஆகலாம் என்பதை இந்த இடைவெளியோடு பொருத்திப் பார்த்தால், ஆற்றின் மேற்பகுதியில் நோயில் படுத்தவர்களுக்குக் கீழ்ப்பகுதியிலேயே நோய் தொற்றியிருக்கக்கூடும் என்பது புலனாகும்.

அடுத்து, காரணம் கூறும் வாக்கியங்களுக்கெல்லாம் அடிக்கோடிடுங்கள். சதுப்பு நிலத்திலிருந்து எழும் நச்சுக்காற்றே காய்ச்சலை உண்டாக்குகிறது என்று அக்கால மருத்துவம் நம்பியதால், வேதிப்பொருள்களின் வழியே வடித்த காற்றைக் கீழ்த்தளத்துக்குச் செலுத்தும் கருவியொன்று டாக்டர் ரீட் என்பவரின் திட்டப்படி கப்பல்களில் பொருத்தப்பட்டிருந்தது. மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணியைப் பிரெஞ்சு மருத்துவர் லாவெரான் கண்டது 1880-இல். கொசுவின் உடலில் ரொனால்டு ராஸ் அதைக் கண்டது 1897-இல், நம் சிக்கந்தராபாத்தில். இவற்றை அறிந்த நாம் ரீடை ஏளனம் செய்வது எளிது, ஆனால் நியாயமன்று. சதுப்பருகே நோய் மிகுதி என்று அவர்கள் கண்டது சரி. அதிலிருந்து ஊகித்த காரணமே பிழை.

பிறகு எண்ணிக்கைக்கு வாருங்கள். 145 ஐரோப்பியர்களுள் 130 பேரைக் காய்ச்சல் பற்றியது. குறைந்தது 40 பேர் மாண்டனர். இரண்டு கப்பல்கள் நோயாளிகளோடு செப்டம்பரிலேயே திரும்பிவிட, ஆற்றின் மேற்பகுதியிலுள்ள எக்கா என்னும் ஊர் வரை சென்ற ஆல்பர்ட் அக்டோபரில் திரும்பியபோது அதைச் செலுத்த வேண்டியவர்கள் படுத்த படுக்கையாகக் கிடந்தனர். மருத்துவர் மெக்வில்லியம் கப்பலைச் செலுத்த, நிலவியலாளர் ஸ்டேஞ்சர் எந்திரத்தை இயக்கினார். வாசிப்பவர் பெரும்பாலும் இந்தக் காட்சியிலேயே நின்றுவிடுவார். கொதிகலனுக்கு விறகு வெட்டியதும் நங்கூரம் இழுத்ததும் யார் என்று கேட்டால்தான், மேற்கு ஆப்பிரிக்கக் கரையைச் சேர்ந்த க்ரூ மாலுமிகள் கண்ணில் படுவார்கள். அதிகாரியின் குறிப்பில் அவர்கள் பெரும்பாலும் பெயரற்ற கூட்டமாகவே வருவார்கள். வரும் ஒவ்வோர் இடத்தையும் செய்த வேலையோடு சேர்த்துக் குறித்துவையுங்கள்.

ஒப்பிடுவதற்கு 1854-இல் பெய்க்கி தலைமையில் சென்ற பிளியாட் கப்பலின் பயணத்தை எடுத்துக்கொள்ளலாம். நோய் வருமுன்னே குயினின் கொடுத்ததால், ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆற்றில் இருந்தும் எவரும் இறக்கவில்லை. நோயின் காரணம் அப்போதும் தெரியாது; மருந்து பலித்தது, அவ்வளவே.

இரண்டு பயணங்களிலும் சென்றவர் சாமுவேல் அஜாயி குரௌதர். சிறுவயதில் அடிமையாக விற்கப்பட்டு, 1822-இல் பிரிட்டிஷ் கடற்படையால் மீட்கப்பட்ட யொரூபா இனத்தவரான அவருடைய நாட்குறிப்பை, அதிகாரிகளின் பதிவுகளுக்கு அருகில் தேதிவாரியாக வைத்து வாசியுங்கள். ஒரே நாளைப் பற்றி இருவரும் வேறுவேறாக எழுதியிருக்கும் இடங்களிலிருந்து உங்கள் குறிப்பைத் தொடங்குங்கள்.