கரீபியன் ரொட்டிக் கடைக்கு முதல் முறை போகிறீர்களா?

டொராண்டோவின் ஸ்கார்பரோ பக்கம், நாலு மேசை போடக்கூட இடமில்லாத சின்னச் சின்ன கரீபியன் கடைகள் நிறைய உண்டு. மசாலா வாசனை தெருவுக்கே வரும். ஆனாலும் நம்மவர்கள் பலர் உள்ளே போகத் தயங்குகிறார்கள், பலகையில் இருக்கும் பெயர்கள் பாதி புரியாததால். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. எந்த ஊர்க் கடை என்று பாருங்கள்

ஜமைக்கா கடை என்றால் ஜெர்க் கோழி (காரமசாலா தடவிச் சுட்டது), மாட்டுவால் குழம்பு, தேங்காய்ப்பாலில் ராஜ்மா சேர்த்து வேகவைத்த சோறு. டிரினிடாட், கயானா கடை என்றால் ரொட்டியும் கறியும். 1838-இல் கயானாவுக்கும் 1845-இல் டிரினிடாடுக்கும் கரும்புத் தோட்ட வேலைக்கு இந்தியர்களைக் கப்பலேற்றத் தொடங்கினார்கள். பெரும்பாலோர் கல்கத்தா வழியாகப் போனவர்கள். சென்னையிலிருந்து போனவர்களும் உண்டு. அந்தக் கறியில் நமக்கு ஏதோ பழகிய மணம் வருவது அதனால்தான்.

2. மதியமே போங்கள்

மாட்டுவால் சீக்கிரம் தீர்ந்துவிடும். நுழைந்ததும் முதலில் 'குட் ஆஃப்டர்நூன்' சொல்லுங்கள். வணக்கம் சொல்லாமல் நேராக ஆர்டர் கொடுப்பதை அவர்கள் மரியாதைக் குறைவாக நினைப்பார்கள். கையில் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும்.

3. தால்பூரியில் ஆட்டுக்கறி கேளுங்கள்

முதல் தடவைக்கு என் சிபாரிசு இதுதான். மஞ்சள் பட்டாணிப் பருப்பை வேகவைத்து, சீரகத்தோடு அரைத்து, மாவுக்குள் வைத்துத் தேய்த்துச் சுடுவார்கள். பருப்புப் போளியிலிருந்து வெல்லத்தை எடுத்துவிட்டு, துணி மாதிரி மெல்லிசாகப் பெரிதாக்கினால் எப்படி இருக்கும், அப்படி. கறியை நடுவில் வைத்து மடித்து, மெழுகுத்தாளில் சுற்றித் தருவார்கள். தாளை முழுக்கப் பிரித்துவிடாதீர்கள். மேலே இரண்டு விரற்கடை மட்டும் உரித்துக் கடித்துக்கொண்டே கீழே இறங்குங்கள். இல்லாவிட்டால் குழம்பு மடியில்தான். கறியில் எலும்பு இருக்கும். வேண்டாமென்றால் எலும்பில்லாதது கிடைக்குமா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

பஸ்-அப்-ஷட் என்று ஒன்று இருக்கும். கல்லிலேயே அடித்து உதிர்த்த பரோட்டா அது. கறி தனியாக வரும், கையால் பிய்த்துத் தோய்த்துச் சாப்பிடலாம்.

4. 'ஸ்லைட்' என்று சொல்லுங்கள்

பெப்பர், அதாவது மிளகாய்ச் சாஸ், எவ்வளவு என்று கேட்பார்கள். நமக்குத்தான் காரம் பழக்கமாச்சே என்று நினைக்க வேண்டாம். ஸ்காட்ச் பானெட் மிளகாய் முதலில் பழம் மாதிரி மணக்கும், அப்புறம்தான் ஏறும். 'ஸ்லைட்' என்றால் ஒரு துளி. போதாவிட்டால் தனியாகக் கொஞ்சம் வாங்கித் தொட்டுக்கொள்ளலாம்.

5. குடிக்க

சாரல் வாங்குங்கள். செம்பருத்தி இனச் செடி ஒன்றின் சிவந்த புல்லிகளை இஞ்சியோடு ஊறவைத்த இனிப்புப் பானம். மாபி மரப்பட்டையில் செய்வது, கசக்கும். அது இரண்டாம் முறைக்கு.

6. கிளம்பும்போது

கறியில்லாத வெறும் தால்பூரி நாலு வாங்கிக்கொள்ளுங்கள். 'ரொட்டி ஸ்கின்' என்று கேட்டால் தருவார்கள். மறுநாள் ஈரத்துணியில் சுற்றி ஆவியில் காட்டினால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும். வீட்டுக் கோழிக்குழம்புக்கு இதைவிடப் பொருத்தமான துணையை நான் இன்னும் சாப்பிட்டதில்லை.