மழைநீர் புகுந்த காரின் மின்கோளாறுகளை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்தபின், வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற தாழ்வான பகுதிகளில் நீர் வடிந்ததும் பலர் முதலில் காரின் சாவியைத் திருகிப் பார்த்தார்கள். செய்யக்கூடாத முதல் காரியம் அதுதான். நீர் மட்டும் ஒயரிங்கை உடனே கெடுத்துவிடுவதில்லை. ஈரம் இருக்கும்போது அதனூடே பாயும் மின்சாரமே பெருங்கேடு செய்கிறது. எப்போதும் 12 வோல்ட் இருக்கும் கனெக்டர் பின்னில் (ஒயர்களை இணைக்கும் உலோக முனையில்) செம்பு மின்னாற்பகுப்பால் கரைந்து பச்சையாகப் படிய, நாளடைவில் அந்தப் பின் முறிந்தே போகும். அதோடு, எஞ்சினுக்குள் நீர் சென்றிருந்தால் ஒரே ஒரு சுழற்சியில் பிஸ்டனை இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீடு எடுக்காதவர்களுக்கு அந்தச் செலவு பெரும்பாலும் கிடைப்பதில்லை.

தரைவிரிப்பு வரை நீர் வந்த காருக்கே இங்கே சொல்லும் முறை பொருந்தும். டேஷ்போர்டு வரை மூழ்கியதையும், ஏர் ஃபில்டர் நனைந்திருப்பதையும், ஆயில் பால்போல் வெளுத்திருப்பதையும் காப்பீட்டு நிறுவனத்திடமும் பட்டறையிடமும் விட்டுவிடுங்கள். மின்சார, ஹைபிரிட் கார்களில் ஆரஞ்சு நிறக் கேபிள்களில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னழுத்தம் இருப்பதால் அவற்றை வீட்டில் தொடவே கூடாது. எந்தக் காராயினும், எதையும் கழற்றுவதற்கு முன் நீர் நின்ற அளவு தெரியும்படி புகைப்படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்துவிடுவது நல்லது.

முதலில் கதவுகளையும் டிக்கியையும் திறந்து வையுங்கள். பேட்டரி இணைப்பு போனபின் சென்ட்ரல் லாக் வேலை செய்யாது. பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலிலும் பாசிட்டிவ் முனையை அடுத்தும் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது இந்த வரிசை தலைகீழாகும். இருக்கைகளுக்கு அடியில் உள்ள மஞ்சள் நிறக் கனெக்டர்கள் ஏர்பேக், சீட் பெல்ட் ஆகியவற்றுக்கு உரியவை என்பதால், பேட்டரியைக் கழற்றிக் குறைந்தது 10 நிமிடமாவது கடந்த பின்னரே அவற்றைப் பிரிக்க வேண்டும். அவற்றில் மல்டிமீட்டரை (மின்னழுத்தம், மின்னோட்டம் ஆகியவற்றை அளக்கும் கருவி) ஒருபோதும் வைக்கக் கூடாது.

உலர்த்துவதில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். தரைவிரிப்பு மேலே காய்ந்திருந்தாலும் அதற்கு அடியில் உள்ள நுரைப்பஞ்சு வாரக்கணக்கில் நீரைப் பிடித்து வைத்திருக்கும். ஒயரிங்கின் பெரும்பகுதி அந்தப் பஞ்சை ஒட்டியே ஓடுகிறது. எனவே இருக்கைகளைக் கழற்றி, விரிப்பை முழுமையாக வெளியே எடுத்து வெயிலில் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஓட்டுநரின் கால் பக்கவாட்டிலும், இருக்கைகளின் அடியிலும், கதவு கீல்களின் ரப்பர் உறைக்குள்ளும், டிக்கி விளக்குகளுக்குப் பின்னும் உள்ள கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, சேறு இருந்தால் டிஸ்டில்டு வாட்டரால் கழுவி, பிறகு மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரேயான கான்டாக்ட் கிளீனர் அடித்து மெல்லிய பிரஷ்ஷால் பச்சையை நீக்குங்கள். துருவை இளக்கும் சாதாரண ஸ்பிரே இதற்கு ஈடாகாது. அது எண்ணெய்ப் படலத்தை விட்டு, தூசியைச் சேர்க்கும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வையுங்கள். சூடு மிகுந்தால் பிளாஸ்டிக் உருகும். நன்கு காய்ந்ததும், ஈரத்தைத் தடுக்கும் மின்கடத்தா டைஎலக்ட்ரிக் கிரீஸைச் சிறிதளவு தடவி மூடலாம்.

பேட்டரியை மாட்டிய பிறகு விளக்கு, ஹாரன், வைப்பர், கண்ணாடி என ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஃபியூஸ் எரிந்தால் அதே ஆம்பியர் உள்ளதையே போட வேண்டும். 10-க்குப் பதில் 20 போட்டால் ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும். ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மீது சந்தேகம் வந்தால், அதே எண் கொண்ட இன்னொரு ரிலேயை மாற்றி வைத்துப் பார்ப்பதே எளிய சோதனை.

இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து மினுக்குவதைப் போன்ற விநோதங்களுக்குப் பெரும்பாலும் எர்த் இணைப்பு (மின்சாரம் காரின் உலோக பாடி வழியே பேட்டரிக்குத் திரும்பும் இடம்) துருப்பிடித்ததே காரணம். புதிய பாகம் வாங்குவதற்கு முன் இதைப் பார்த்தாக வேண்டும். விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை விளக்கின் எர்த் ஒயரிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், பாடியில் அந்த எர்த் போல்ட்டைக் கழற்றி, உலோகம் பளிச்சிடும் வரை உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் இறுக்குங்கள்.

எல்லாம் இயங்கியும் இரவோடிரவாகப் பேட்டரி இறங்கினால், எங்கோ மின்கசிவு இருக்கிறது. காரை அணைத்து, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் நெகட்டிவ் கேபிளுக்கும் பேட்டரிக்கும் இடையில் தொடராக இணைத்து, கதவுகளைப் பூட்டி, காரின் மாட்யூல்கள் (சிறு கணினிகள்) உறங்கும் வரை சுமார் அரை மணி நேரம் காத்திருங்கள். இந்நிலையில் ஸ்டார்ட் செய்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் நின்றால், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதை எடுத்ததும் எண் சட்டென்று குறைகிறதோ, அந்தச் சுற்றின் கனெக்டர்களில்தான் இன்னும் ஈரமோ பச்சையோ மிஞ்சியிருக்கிறது.

வெள்ளமே வராமல் முன்பக்கத் தரை நனைந்திருந்தால், ஏசியின் வடிகுழாயும் வைப்பருக்குக் கீழே உள்ள வடிகால் துளைகளும் அடைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். வேப்பமரத்தடியில் நிறுத்தும் கார்களில் அந்தத் துளைகளைச் சருகு அடைத்திருப்பது வெகு சாதாரணம். அதை அகற்றாமல் ஒயரிங்கைச் சுத்தம் செய்தால், அடுத்த மழையிலேயே அதே கனெக்டர் மறுபடியும் நனையும்.