பொழுதுபோக்கைச் சொல்லி அறிமுகமாவது எப்படி?

பாளையங்கோட்டைக் கல்லூரியில் முதல் நாள். அறிமுகத்தில் "கம்ப்யூட்டர், பாட்டு, வீடியோ கேம்" என்று ஒப்பித்தால் பக்கத்து பெஞ்சுக்காரருக்குக் கேட்க ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் எடுத்து, செய்ததைச் சொல்லுங்கள்: "வீட்டுப் பழைய கணினியில் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகத்தைப் பொருத்தினேன், இப்போது சட்டென்று திறக்கிறது." எவ்வளவு செலவானது என்று ஒருவராவது கேட்பார்.

இசை என்றால் கருவியைச் சொல்லுங்கள். கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டுக்கு உடுக்கையோ குடமோ அடிப்பவர் அதை ஏன் மறைக்க வேண்டும்? கிட்டார்காரரைவிட அவரைத்தான் வகுப்பு நினைவில் வைக்கும் என்பது என் கட்சி.

விளையாட்டில் பெயரும் பிடித்த காரணமும் போதும்: "டெட்ரிஸ், 1984-இல் உருவானது, இன்றும் அலுக்கவில்லை." தினமும் எத்தனை மணி நேரம் ஆடுகிறீர்கள் என்பதை மட்டும் ஆசிரியர் முன் சொல்ல வேண்டாம்.