வெள்ளைத் திரையா? ராகு காலம் பார்க்கும் முன் லாக் ஃபைலைப் பாருங்கள்

தளத்தைத் திறக்கிறீர்கள். தலைப்பு இல்லை, படம் இல்லை, பிழைச் செய்திகூட இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரு பக்கம். வாட்ஸப் குழுவில் இதைச் சொன்னால் போதும், வரிசையாக வரும்: "சர்வர் மேல பூனை படுத்திருக்கும், எழுப்பி விடு", "எலுமிச்சம்பழம் கட்டலையா?", "செவ்வாய்க்கிழமை அப்டேட் பண்ணலாமா?", "இன்னைக்கு சூரியப் புயலாம்."

எனக்கு இந்த ஜோக்குகள் பிடிக்கும். பதறிக்கொண்டிருப்பவருக்கு மூச்சு விட ஒரு நிமிடம் கிடைக்கிறது. அதோடு, நிஜமான காரணம் பல நேரம் ஜோக்கைவிட விசித்திரமாகத்தான் இருக்கிறது. உபுண்டு இயங்குதளம் பயன்படுத்திய ஒருவரின் மனைவி, செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் ஓப்பன் ஆஃபிஸ் என்ற அலுவலக மென்பொருள் பிரின்ட் எடுக்க மாட்டேன் என்கிறது என்று சொன்னார். யார் நம்புவார்கள்? தேடிப் பார்த்தால் அது உண்மை. பிரின்டருக்குப் போகும் ஃபைலில் தேதி இருக்கும். செவ்வாயைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்துகள் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வந்தால், ஃபைல் வகையைக் கண்டுபிடிக்கும் கருவி அதை எர்லாங் என்ற நிரல்மொழியின் ஃபைல் என்று தவறாக முடிவு செய்துவிடும். மற்ற ஆறு நாளும் பிரச்சினை இல்லை.

சூரியப் புயல் ஜோக்குக்கும் ஓர் உறவினர் உண்டு. 2003 மே 18 அன்று பெல்ஜியத்தில் நடந்த தேர்தலில், பிரசெல்ஸை ஒட்டிய ஸ்கார்பேக் நகராட்சியில் ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்குகள் கூடுதலாகக் காட்டின. 4096 என்பது 2-இன் 12-ஆம் அடுக்கு. அதாவது கணினி நினைவகத்தில் ஒரே ஒரு பிட் (0 அல்லது 1 மட்டும் இருக்கும் மிகச் சிறிய அலகு) புரண்டிருக்கிறது. விண்வெளியிலிருந்து வந்த துகள் அதைப் புரட்டியிருக்கலாம் என்பதுதான் விளக்கமாகச் சொல்லப்பட்டது.

உங்கள் தளத்துக்கு அப்படி நடந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அநேகமாக ஒரு பிளகின் (தளத்தில் கூடுதல் வசதி சேர்க்கும் துணை நிரல்), ஒரு மேற்கோள் குறி, அல்லது கண்ணுக்குத் தெரியாத ஒரு காலி இடம்தான் காரணமாக இருக்கும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று, வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டிய தளத்தை வைத்துச் சொல்கிறேன். குறியீட்டுப் பெயர்களை இங்கே ஒலிப்பாகத் தமிழில் எழுதுகிறேன். ஃபைலுக்குள் அவை ஆங்கில எழுத்தில் இருக்கும்.

படி 1: வெள்ளை எங்கே இருக்கிறது?

வெள்ளைப் பக்கத்தில் நின்றபடி கண்ட்ரோல் + யூ அழுத்துங்கள். பக்கத்தின் மூலக் குறியீடு திறக்கும். அங்கேயும் ஒன்றும் இல்லை என்றால் பிரச்சினை சர்வரில். படி 2-க்குப் போங்கள். அங்கே நிறைய எழுத்து இருந்து திரை மட்டும் வெள்ளை என்றால் பிரச்சினை உங்கள் பிரவுசர் பக்கம்.

பிரவுசர் பக்கம் என்றால் எஃப்12 அழுத்தி கன்சோலில் சிவப்பு வரி இருக்கிறதா பாருங்கள். விளம்பரத் தடுப்பானை நிறுத்திவிட்டும் ஒருமுறை பாருங்கள். விளம்பரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஃபைல் பெயரில் இருந்தாலே பல தடுப்பான்கள் அதை உள்ளே விடாது. தளத்தைக் கட்டியவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும், தடுப்பான் வைத்திருப்பவருக்கு மட்டும் வெள்ளை. "உங்க கம்ப்யூட்டர்லதான் ஏதோ கோளாறு" என்று சொல்லி அவரை அனுப்பிவிடாதீர்கள்.

படி 2: மெயிலைத் திறந்து பாருங்கள்

2019 மே மாதம் வந்த வேர்ட்பிரஸ் 5.2 பதிப்பிலிருந்து பல நேரம் முழு வெள்ளை வருவதில்லை. வெள்ளைப் பக்கத்தின் நடுவே, தளத்தில் கடுமையான பிழை நேர்ந்திருக்கிறது என்று ஒற்றை வரி வரும். அதே நேரம் நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு ஒரு கடிதமும் போகும். எந்த பிளகின் அல்லது தீம் (தளத்தின் தோற்றத்தைத் தரும் தொகுப்பு) காரணம் என்று அதில் பெயரோடு இருக்கும். மீட்பு நிலையில் உள்ளே நுழைய ஓர் இணைப்பும் இருக்கும். அந்த இணைப்பு ஒரு நாள்தான் செல்லும், அதனால் ஸ்பாம் ஃபோல்டரையும் இப்போதே பார்த்துவிடுங்கள். கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

படி 3: பேச வையுங்கள்

வெள்ளைத் திரை என்றால் சர்வருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. பிழையைப் பார்வையாளருக்குக் காட்டாதே என்று அதற்குச் சொல்லி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். அதை எழுதி வைக்கச் சொல்லலாம்.

ஹோஸ்டிங் (உங்கள் தளத்தைத் தன் சர்வரில் வைத்திருக்கும் நிறுவனம்) தரும் சி-பேனல் என்ற கட்டுப்பாட்டுப் பக்கத்தில் ஃபைல் மேனேஜரைத் திறந்து, பப்ளிக்_எச்டிஎம்எல் ஃபோல்டருக்குள் டபிள்யூபி-கான்ஃபிக் ஃபைலைக் கண்டுபிடியுங்கள். முதலில் அதை ஒரு பிரதி எடுத்து உங்கள் கணினியில் இறக்கி வையுங்கள். இதைத் தாண்டிப் போகாதீர்கள். அந்த ஃபைலில் ஒரு எழுத்து பிசகினால் தளம் மொத்தமும் படுத்துவிடும்.

ஃபைலின் கடைசிப் பகுதியில் டபிள்யூபி_டீபக் என்ற வரி இருக்கும், அதன் மதிப்பு ஃபால்ஸ். அதை ட்ரூ என்று மாற்றுங்கள். அந்த வரியையே இரண்டு முறை நகல் எடுத்து அடியில் ஒட்டுங்கள். முதல் நகலில் பெயரின் கடைசியில் _லாக் சேர்த்து ட்ரூ என்றே விடுங்கள். இரண்டாவதில் _டிஸ்ப்ளே சேர்த்து ஃபால்ஸ் என்று வையுங்கள். இரண்டாவது ஏன் என்றால், உங்கள் சர்வரின் ஃபோல்டர் பாதைகள் வருபவர் போவோர் கண்ணில் படக்கூடாது. இவை எல்லாம், இத்துடன் திருத்துவதை நிறுத்துங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் குறிப்புக்கு மேலேதான் இருக்க வேண்டும்.

சேமித்துவிட்டு வெள்ளைப் பக்கத்தை ஒருமுறை புதுப்பியுங்கள். இப்போது டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டருக்குள் டீபக்.லாக் என்று ஒரு ஃபைல் பிறந்திருக்கும். சர்வர் பிழைகளை எழுதி வைக்கும் லாக் இதுதான்.

படி 4: லாக்கைப் படிப்பது

கடைசி வரியிலிருந்து மேலே போங்கள். ஃபேட்டல், அதாவது நிரலையே நிறுத்திவிடும் பிழை என்ற சொல்தான் நமக்கு வேண்டியது. வார்னிங், நோட்டீஸ் எல்லாம் அப்புறம் பார்க்கலாம். அந்த வரியில் ஒரு ஃபைலின் பாதையும் வரி எண்ணும் இருக்கும். பாதையில் பிளகின்ஸ் என்ற சொல்லுக்கு அடுத்து வருவதுதான் பிரச்சினை தரும் பிளகினின் ஃபோல்டர். தீம்ஸ் என்று இருந்தால் தீம்.

134217728 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது 128 எம்பி. அவ்வளவு நினைவகமும் தீர்ந்துவிட்டது என்கிறது. சி-பேனலில் மல்ட்டிபிஎச்பி ஐஎன்ஐ எடிட்டர் இருந்தால் மெமரி லிமிட்டை 256எம் (எண்ணை ஒட்டி எம் என்ற ஆங்கில எழுத்தோடு) ஆக்கிப் பாருங்கள். அதற்கும் மேல் கேட்டால் ஏதோ ஒரு பிளகின் அளவுக்கு மீறிச் சாப்பிடுகிறது, அதைத்தான் தேட வேண்டும்.

படி 5: பிளகின்களை ஓய்வெடுக்க வைப்பது

லாக் புரியவில்லையா? டபிள்யூபி-கன்டென்ட் உள்ளே இருக்கும் பிளகின்ஸ் ஃபோல்டரின் பெயர் முன்னால் ஏதாவது ஓர் எழுத்தைச் சேருங்கள். வேர்ட்பிரஸுக்கு அது தென்படாது, எல்லா பிளகினும் நின்றுவிடும். தளம் வந்துவிட்டால் குற்றவாளி அதற்குள்தான் இருக்கிறது. நிர்வாகப் பக்கத்தில் பிளகின் பட்டியலை ஒருமுறை திறந்துவிட்டு, பழைய பெயரையே திரும்ப வைத்து, ஒவ்வொன்றாக இயக்குங்கள். எதை இயக்கும்போது வெள்ளையாகிறதோ, அதுதான். தரவுத்தளத்தில் இருக்கும் உங்கள் அமைப்புகள் இதனால் அழியாது. தீமுக்கும் இதே வழி, ஆனால் தீம்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் உங்கள் தீமின் ஃபோல்டர் பெயரை மட்டும் மாற்றுங்கள். வேர்ட்பிரஸோடு வரும் இயல்பான தீம் ஒன்று அங்கே இருக்க வேண்டும்.

படி 6: கண்ணுக்குத் தெரியாதவை

இதுவரை சொன்னது எங்கும் கிடைக்கும். இந்தப் பகுதிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நண்பர் ஒருவர் கிராமத்து நூலகத்துக்குத் தளம் நடத்துகிறார். ஒருநாள் வெள்ளைப் பக்கம், நடுவில் அந்த ஒற்றை வரி. "நான் எதையும் தொடலை. தமிழ்ல பேர் வெச்சதாலதான் போச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் லாக்கைத் திறந்தேன். அறிவிக்கப்படாத மாறிலி (நிரலில் மாறாத ஒரு மதிப்புக்கு வைக்கும் பெயர்) என்று சொல்லி, அதன் பெயராக நூலகம் என்ற தமிழ்ச் சொல்லையே காட்டியது!

நடந்தது இதுதான். பல மாதங்களுக்கு முன் ஒரு வேர்ட்பிரஸ் தளத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து, தீமின் ஃபங்ஷன்ஸ் ஃபைலில் ஒட்டியிருக்கிறார். வேர்ட்பிரஸ் சாதாரணப் பத்திகளில் இருக்கும் நேரான மேற்கோள் குறிகளை அழகுக்காக வளைத்துக் காட்டும். வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் நிரல்மொழியான பிஎச்பிக்கு வளைந்த குறி மேற்கோள் குறியே அல்ல. அதே நேரம் பிஎச்பி ஆங்கிலம் அல்லாத எழுத்துகளைப் பெயர்களில் அனுமதிக்கிறது. ஆகவே வளைந்த குறி, தமிழ்ச் சொல், மறுபடி வளைந்த குறி எல்லாம் சேர்ந்து ஒரு மாறிலியின் பெயராகிவிட்டது. பிஎச்பி 7 வரைக்கும் இதற்கு எச்சரிக்கை மட்டும்தான். பிஎச்பி 8-இல் அது ஃபேட்டல். ஹோஸ்டிங்காரர்கள் பதிப்பை உயர்த்திய அன்று தளம் படுத்தது. நண்பர் அன்றைக்கு எதையும் தொடவில்லை என்பதும் உண்மை, தமிழ்ப் பெயருக்குப் பக்கத்தில்தான் கோளாறு என்பதும் உண்மை.

இதே குடும்பத்தில் இன்னும் சிலர் உண்டு. கிரேக்க மொழியின் கேள்விக்குறி பார்வைக்கு நம் அரைப்புள்ளி போலவே இருக்கும். வரிக்கடைசியில் அது வந்துவிட்டால் நூறு முறை படித்தாலும் பிழை தெரியாது. தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: க்‌ஷ என்று எழுத்துகள் ஒட்டாமல் தனித்தனியே நிற்க, நடுவில் அகலமே இல்லாத ஒரு குறி போடுவார்கள். சில தமிழ் விசைப்பலகைகள் அதை இடும். நிரலில் ஒரு பெயரின் ஓரத்தில் அது ஒட்டிக்கொண்டால், அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்று பிஎச்பி சொல்லும். உங்கள் கண்ணெதிரே அது இருக்கும்.

அப்புறம் ஃபைலின் முதல் வரிக்கு முன்னால் வரும் காலி இடம். ஃபைலுக்கு முன்னால் ஒரு வெற்று வரி இருந்தால், பிஎச்பி அதையும் பக்கத்தின் பகுதியாக அனுப்பிவிடும். அதன் பிறகு வேறு பக்கத்துக்குத் திருப்பி அனுப்ப முடியாது. கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தும் வெள்ளைப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்றால் இதைச் சந்தேகியுங்கள். லாக்கில் ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட் என்று இருக்கும், எந்த ஃபைலில் தொடங்கியது என்றும் இருக்கும். பழைய விண்டோஸ் நோட்பேட் யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தால், காலி வரிகூடத் தெரியாது. ஃபைலின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற 3 பைட் குறி ஒட்டிக்கொண்டிருக்கும்.

கண்டுபிடிக்க நோட்பேட்++ போதும். வியூ மெனுவில் எல்லா எழுத்துகளையும் காட்டச் சொல்லுங்கள். கீழே வலது மூலையில் யூடிஎஃப்-8-பிஓஎம் என்று இருந்தால் என்கோடிங் மெனுவில் யூடிஎஃப்-8 ஆக மாற்றிச் சேமியுங்கள். சந்தேகமான வரியில் மேற்கோள் குறி, அரைப்புள்ளி, இடைவெளி எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கையால் மறுபடி தட்டச்சு செய்யுங்கள். எனக்கு இதைவிட நம்பகமான வழி தெரியாது.

படி 7: சரி செய்த பிறகும் வெள்ளையா?

பக்கங்களின் நகலைச் சேமித்து வேகமாகக் காட்டும் கேஷ் பிளகின் அந்த வெள்ளைப் பக்கத்தையே பத்திரமாகச் சேமித்து வைத்திருக்கலாம். கேஷைக் காலி செய்யுங்கள், பிரவுசரில் தனிமறை (இன்காக்னிட்டோ) சாளரத்தில் பாருங்கள்.

எல்லாம் சரியானதும் டபிள்யூபி_டீபக்கை மறுபடி ஃபால்ஸ் ஆக்குங்கள். டீபக்.லாக் ஃபைலையும் அழித்துவிடுங்கள், முகவரி தெரிந்தால் வெளியாள் யாரும் அதைத் திறந்து படித்துவிட முடியும்.

எதுவும் பலிக்காமல் ஹோஸ்டிங்காரர்களுக்கு எழுதுவதாக இருந்தால் பக்கத்தின் முகவரி, வெள்ளையான நேரம், லாக்கின் அந்த ஒரு வரி ஆகிய மூன்றையும் அனுப்புங்கள். கூடவே, சொன்னால் சிரிப்பார்கள் என்று நீங்கள் விழுங்கிக்கொண்ட அந்த விஷயத்தையும் எழுதுங்கள்: ராத்திரியில் மட்டும் வருகிறது, நீளமான பதிவுக்கு மட்டும் வருகிறது, தமிழ்ப் பெயர் வைத்ததிலிருந்து வருகிறது என்று.