தை மாதச் சந்தையில் பச்சை மொச்சையை விடாதீர்கள்

பல்லாவரம், நங்கநல்லூர் உழவர் சந்தைகளுக்குக் காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். கீரை வாடாமல் கிடைக்கும். அன்றைய விலைப்பலகையைப் பார்த்துவிட்டு, ஒரு சுற்று சும்மா நடந்த பிறகு வாங்குங்கள். வீட்டிலேயே பட்டியல் எழுதிக்கொண்டு போவதைவிட, அன்று எது குவிந்து கிடக்கிறதோ அதைச் சமைப்பதுதான் சரி.

மார்கழியிலும் தையிலும் குவிந்து கிடப்பது பச்சை மொச்சை. தோல் சுருங்காமல், தடவினால் உள்ளே பருப்பு திரண்டு தெரிகிற காயாகப் பொறுக்குங்கள். உரித்து வைத்திருப்பதை வாங்கினால் வேலை மிச்சம், ஆனால் சீக்கிரம் வழவழத்துப்போகும்.

மொச்சையை உரித்து இரவு தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் விரலால் பிதுக்கினால் தோல் கழன்றுவிடும். கொஞ்சம் பொறுமை வேண்டும், வீட்டில் எல்லாரும் உட்கார்ந்தால் சட்டென முடியும். அந்தப் பிதுக்குப் பருப்புக் குழம்பின் ருசியே தனி! சின்னக் கத்தரிக்காய் இரண்டு மூன்று சேர்க்கலாம். ஒன்று முக்கியம்: பருப்பு நன்றாக வெந்த பிறகே புளி கரைத்து ஊற்றுங்கள். முன்பே ஊற்றினால் எவ்வளவு நேரம் கொதித்தாலும் விறைப்பாகவே நிற்கும். அப்புறம், மிஞ்சிய மொச்சையை உரித்தபடியே ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாம்.